ஹாலி: ஆள் இல்லாமல் போன குளிர்காலம்

1956 முதல் 2016 வரை மொத்தம் 61 குளிர்காலங்கள். ஒவ்வொன்றிலும் அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் ஆட்கள் இருந்தார்கள். இருட்டில் எழுந்து, வெளியே போய், வெப்பநிலையும் காற்றின் வேகமும் குறித்து, மேகம் எவ்வளவு என்று அண்ணாந்து பார்த்து எழுதி வைத்தார்கள். 2017-ல் முதல் முறையாக அங்கே யாரும் இல்லை.

நிலையத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. திறந்து ஐந்தே ஆண்டுகள் ஆன கட்டடம். அதை அந்தக் கோடையில்தான் (தெற்கில் டிசம்பர், ஜனவரிதான் கோடை) 23 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய்ப் பத்திரமான இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அப்படியும், குளிர்காலத்துக்குத் தங்கவிருந்த 16 பேரும் தங்க வேண்டாம், எல்லோரும் திரும்பி வந்துவிடுங்கள் என்று 2017 ஜனவரியில், நிலையத்தை நடத்தும் பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே முடிவெடுத்தது. அப்போது வந்த செய்திகள் பனியில் ஓடிய விரிசலைப் பற்றியே பேசின. அங்கே தினமும் நடந்துகொண்டிருந்த வேலை என்ன, அது நின்றதால் எது போனது, அதை மீட்க என்ன செய்தார்கள் என்பதை இங்கே பார்க்கிறேன். ஹாலியின் உண்மையான கதை அந்த அன்றாட வேலைக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தரை இல்லாத இடம்

ஹாலி நிலத்தின் மேல் இல்லை. வெடல் கடலின் கிழக்குக் கரையோரம், தென் துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தள்ளி, பிரண்ட் பனித்தட்டு என்று ஒன்று கடலில் மிதக்கிறது. கண்டத்திலிருந்து மெல்ல வழிந்து வந்து கடலுக்குள் நீண்டிருக்கும் பனி அது. தடிமன் சுமார் 150 மீட்டர். அதன் முதுகில்தான் நிலையம். தட்டு ஆண்டுக்கு 400 மீட்டர் அளவுக்குக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, மேலே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து. ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பனியும் சேரும். அங்கே பனி உருகுவது அபூர்வம் என்பதால், கட்டியது எதுவாக இருந்தாலும் மெல்லப் புதைந்துபோகும்.

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்காக லண்டன் ராயல் சொசைட்டி அனுப்பிய குழு 1956 ஜனவரியில் இங்கே வந்து இறங்கி மரக்குடில் அமைத்தது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலியின் பெயரையே இந்த இடத்துக்கும் வைத்தார்கள். அந்தக் குடில் புதைந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது நிலையங்களும் அதே வழியில் போயின. மூன்றாவது நிலையத்தை இரும்புக் குழாய்களுக்குள் கட்டியிருந்தார்கள். அது பனிக்குள் புதைந்து, பனியோடு நகர்ந்து, 1993-ல் கடலோரப் பனிச்சுவரில் வெளியே எட்டிப் பார்த்தது. ஐந்தாவதை எஃகுக் கால்கள் மேல் நிறுத்தி ஆண்டுதோறும் உயர்த்தினார்கள். 2012-ல் திறந்த ஆறாவதுதான் இப்போது இருப்பது: எட்டுப் பெட்டிகள் கோத்த ரயில் போல ஒரு கட்டடம். ஏழு நீலம், நடுவில் பெரிதாக ஒன்று சிவப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஹைட்ராலிக் கால்கள், கால்களின் அடியில் ராட்சதச் சறுக்குப் பலகைகள். தேவைப்பட்டால் புல்டோசர் வைத்து இழுத்துப் போகலாம். இழுக்கும் நாள் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று கட்டியபோது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இப்படி ஒரு இடத்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? துருவ ஒளி தோன்றும் வளையத்துக்குக் கீழே இருப்பதால், சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் மேல் வளிமண்டலத்தில் என்ன செய்கின்றன என்று பார்க்க இது நல்ல இடம். அப்புறம், 1956-லிருந்து ஒரே இடத்தில் எடுத்த அளவுகள் கையில் இருக்கின்றன. வேறு எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்தத் தொடர்ச்சி கிடைக்காது.

ஒரு நாள் வேலை

ஹாலியில் ஆண்டுக்கு 105 நாட்கள் சூரியன் உதிப்பதே இல்லை. ஏப்ரல் கடைசி வாக்கில் மறைந்தால் ஆகஸ்டில்தான் திரும்ப வரும். குளிர்காலக் குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். விஞ்ஞானி என்று சொல்லத்தக்கவர்கள் அதில் பாதிகூட இல்லை. மருத்துவர், சமையற்காரர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி மெக்கானிக், பனியில் வழிகாட்டுபவர், தகவல் தொடர்புக்கு ஒருவர். இவர்கள் இல்லாவிட்டால் அளவுக் கருவி ஓடாது. கருவி ஓடாவிட்டால் இவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

முதலில் தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டும்வரை உறைந்த நன்னீர்தான், ஆனால் ஒரு குவளை குடிக்க வேண்டும் என்றால் அதை உருக்க வேண்டும். தரைமட்டத்தில் ஒரு வாய் திறந்திருக்கும். அதற்குள் பனியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டால் கீழே இருக்கும் உருக்குத் தொட்டியில் விழுந்து, ஜெனரேட்டரின் சூட்டில் தண்ணீராகும். சமையல், குளியல், துணி துவைப்பு எல்லாம் அதிலிருந்துதான். புல்டோசர் பனியைக் குவித்துக் கொடுத்தாலும் அள்ளிப் போடுவது மனிதக் கைதான். புயல் அடித்தாலும் தொட்டி காலியாக இருக்கக் கூடாது. அதனால் டாக்டரும் அள்ளுவார், நிலையத் தலைவரும் அள்ளுவார். அங்கே குளிப்பதற்குச் சிக்கனம் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒவ்வொரு வாளியும் தோள்பட்டை வலியாகவே தெரியும்.

சமையலைச் சமையற்காரர் பார்த்துக்கொண்டாலும் தரை துடைப்பது, பாத்திரம் கழுவுவது, குப்பை பிரிப்பது எல்லோருக்கும் முறை வைத்து வரும். பிரிட்டிஷ் நிலையங்களில் இந்த முறைவேலைக்கு ‘காஷ்’ என்று பெயர், காலை இடைவேளைத் தேநீருக்கு ‘ஸ்மோக்கோ’. தேநீர் நேரத்தைச் சின்ன விஷயமாக நினைத்துவிடக் கூடாது. வெளியே போனவர் ஸ்மோக்கோவுக்கு வந்து உட்காரவில்லை என்றால் உடனே தேடுவார்கள். காற்று பனித்தூளைக் கிளப்பிவிட்டால் நீட்டிய கைகூடத் தெரியாது. கட்டடத்துக்குக் கட்டடம் கயிறு கட்டி, கொடிகள் நட்டு வைத்திருப்பது அதற்காகத்தான். காற்றில் கலந்த வேதிப்பொருட்களை அளக்கும் ஆய்வகம், ஜெனரேட்டர் புகை எட்டாதபடி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த ஒரு கிலோமீட்டரை நடந்து போய் வருவதே ஒரு வேலை.

வானிலை பார்ப்பவரின் நாள் மணிக்கணக்குப்படி ஓடும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அளவுகளை எடுத்து அனுப்ப வேண்டும். தினமும் ஒரு ஹீலியம் பலூனில் கருவியைக் கட்டிப் பறக்கவிட வேண்டும். அது இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏறி வெடிக்கும்வரை, ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு குளிர், எவ்வளவு காற்று என்று சொல்லிக்கொண்டே போகும். பலத்த காற்றில் அந்தப் பலூனை வாசலைத் தாண்டிக் கிழியாமல் கொண்டுவருவது பழகினால்தான் வரும்.

இந்த நாட்களில் திருவிழாவும் உண்டு. சூரியன் கடைசியாக மறையும் நாளில், குழுவில் வயதில் மூத்தவர் காற்றில் கிழிந்துபோன கொடியை இறக்குவார். திரும்ப உதிக்கும் நாளில் இளையவர் புதுக் கொடியை ஏற்றுவார். குளிர்காலத்தின் நடுநாளான ஜூன் 21 அவர்களுக்கு ஆண்டின் பெரிய நாள். அன்றைக்கு நிலையத் தலைவர் சமைத்துப் போடுவார். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று முன்பே முடிவு செய்து, மாதக்கணக்கில் ஒளித்து ஒளித்துச் செய்த கைவேலைப் பரிசுகளை அன்று கொடுத்துக்கொள்வார்கள். பிபிசி வானொலி அண்டார்டிகாவுக்கென்றே ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பும். அதில் அம்மா, மனைவி, பிள்ளைகளின் குரல் வரும். செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகும் அந்த ஒலிபரப்பை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் கேட்டார்கள். இதை ஏன் ஒரு ஆய்வுக் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், நூறு நாள் இருட்டில் அளவுகள் தவறாமல் எழுதப்பட்டதற்கு இவையும் காரணம்.

மூன்று மில்லிமீட்டர்

ஹாலியில் அளந்தவற்றில் ஓசோனும் ஒன்று. மேல் வளிமண்டலத்தில் இருந்து சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் வாயு அது. தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் கீழே கொண்டுவந்து தரைமட்ட அழுத்தத்தில் பரப்பினால் சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். அதை 300 டாப்சன் அலகு என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 1920-களில் இதற்கான கருவியை உருவாக்கிய டாப்சனின் பெயர். சூரிய ஒளியில் ஓசோன் நன்றாக உறிஞ்சும் புற ஊதா அலைநீளம் ஒன்றையும், அவ்வளவாக உறிஞ்சாத ஒன்றையும் எடுத்து ஒப்பிட்டால், நடுவில் ஓசோன் எவ்வளவு என்று கணக்கிடலாம். கருவி ஒரு நீண்ட பெட்டி. உள்ளே குவார்ட்ஸ் பட்டகங்கள். அதைச் சூரியனுக்கு நேரே திருப்பி, வட்டை மெல்லத் திருகி, முள் சரியான இடத்துக்கு வந்ததும் எண்ணைக் குறிக்க வேண்டும். இதே வகைக் கருவி 1950-களின் இறுதியில் நம் கொடைக்கானலிலும் வைக்கப்பட்டது.

ஹாலியில் சூரியன் வானத்தில் போதுமான உயரத்தில் இருக்கும் மாதங்களில் எல்லாம், ஒவ்வொரு நாளும், பல முறை இதைச் செய்தார்கள். 1957-ல், 1967-ல், 1977-ல், ஆள் மாறி மாறி. எண்கள் காகிதத்தில் ஏறின, காகிதங்கள் கப்பலில் இங்கிலாந்து போயின. கண்டுபிடிக்கும் வேட்கையோடு யாரும் வட்டைத் திருகவில்லை. வானிலைக் கணிப்புக்கு உதவலாம், வளிமண்டலச் சுழற்சி புரியலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. நிதி குறையும் காலங்களில், இந்த அளவீடு இன்னும் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது.

1977-ல் ஜோனதன் ஷாங்க்ளின் என்ற இளைஞர், சர்வேயின் தலைமையகம் இருக்கும் கேம்பிரிட்ஜில் இந்தப் பணியில் சேர்ந்தபோது, கணக்கிடாத காகிதங்கள் சேர்ந்து கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றுவது அவர் பொறுப்பு. ஸ்ப்ரே கேன்களும் அதிவேக விமானங்களும் ஓசோனைக் கெடுக்கின்றன என்று வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. பொதுமக்கள் பார்க்க வரும் நாளுக்காக, அப்படி ஒன்றும் மாறவில்லை என்று காட்ட வரைபடம் போட்டார் ஷாங்க்ளின். வசந்தகால எண்கள் ஒத்துவரவில்லை (தெற்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம்). அக்டோபர் மாத அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

கருவி பழுதா? மூத்தவரான ஜோ ஃபார்மனின் முதல் சந்தேகம் அதுதான். வேறொரு டாப்சன் கருவியை ஹாலிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அதுவும் அதையே சொன்னது. வடக்கே 1,600 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு பிரிட்டிஷ் நிலையத்தின் எண்களும் இறங்கியிருந்தன. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். 1970-களுக்கு முன்பு 300 அலகையொட்டி இருந்த அக்டோபர் அளவு, 1984-ல் 200 வாக்கில் வந்து நின்றது. நாசாவின் செயற்கைக்கோளும் இந்தக் குறைந்த எண்களைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் 180-க்குக் கீழே வந்தவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று கணினி குறித்துவைத்ததால், அதை ஆராய்ந்து சொல்வதற்குள் தரையிலிருந்து எடுத்த அளவுகள் முந்திக்கொண்டன.

காரணமும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. துருவ இருட்டில் மேல் வளிமண்டலம் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே குளிரும்போது அங்கே ஒருவகை மேகங்கள் உருவாகின்றன. ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே கேன்களில் இருந்து வந்த சிஎஃப்சி வாயுக்களின் குளோரின், அந்த மேகத் துகள்களின் மேல்தான் வீரியம் பெறுகிறது. வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. ஹாலியின் பலூன்கள் நாள்தோறும் மேலே எவ்வளவு குளிர் என்று சொன்னதன் மதிப்பு இங்கே தெரியும். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலக நாடுகள் அதைக் கடைப்பிடித்தால் அண்டார்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்பது 2022-ன் சர்வதேச மதிப்பீடு.

1960-களின் சாதாரண நாட்களில், ஒன்றும் விசேஷமில்லாத எண்களை ஒழுங்காகக் குறித்து வைத்தவர்கள் இருந்ததால்தான் 1980-களில் விழுந்த ஓட்டை தெரிந்தது. மூடுகிறதா என்று தெரியவும் அதே எண்கள் வேண்டும்.

பத்தொன்பது மணி நேரம்

2014 ஜூலை 30. நிலையத்தில் 13 பேர். மின்சாரம் போனது, அதோடு வெப்பமும் போனது. 19 மணி நேரம் ஆனது திரும்ப வர. அந்தக் குளிர்காலத்தில் ஹாலியில் வெப்பநிலை மைனஸ் 55.4 டிகிரி வரை இறங்கியது. வெளியிலிருந்து உதவி வர வழியே இல்லை. கப்பலுக்குக் கடல் உறைந்து கிடக்கிறது, விமானத்துக்கு இருட்டு.

மின்சாரமும் ஓரளவு வெப்பமும் திரும்பியபோது எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். ஆனால் இருக்கும் மின்சாரத்தை வைத்து எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. நிலைமை மோசமானால் சில பெட்டிகளை மட்டும் சூடாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவது என்று திட்டமிட்டார்கள். ஆய்வுகள் எல்லாம் நின்றன, ஒன்றே ஒன்றைத் தவிர. வானிலைக் கணிப்புக்குத் தேவையான அளவுகளை மட்டும் விடவில்லை. உயிர் பிழைப்பதே கேள்வியான வாரத்தில்கூட அந்த எண்கள் போய்க்கொண்டிருந்தன என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

இந்த நிகழ்வு இன்னொன்றையும் காட்டியது. குளிர்காலத்தில் ஹாலியில் எது நடந்தாலும் உள்ளே இருப்பவர்கள்தான் சமாளிக்க வேண்டும். ஜெனரேட்டரை மனிதர்கள் சரிசெய்துவிடலாம். பனித்தட்டு உடைந்தால்?

இரண்டு விரிசல்கள்

பிரண்ட் பனித்தட்டில் பழைய பிளவு ஒன்று உண்டு. குறைந்தது 35 ஆண்டுகள் அசையாமல் கிடந்தது, 2012-ல் வளரத் தொடங்கியது தெரிந்தது. வளர்ந்துகொண்டே போனால் கடல் பக்கம் இருக்கும் நிலையத்தைக் கண்டத்திலிருந்து துண்டித்துவிடும். ஆகவே பிளவைத் தாண்டி உள்பக்கம் போய்விட வேண்டும். 2016-17 கோடையில் எட்டுப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, புல்டோசர்களிலும் டிராக்டர்களிலும் கட்டி இழுத்தார்கள். நடுவில் இருக்கும் சிவப்புப் பெட்டி ஏறத்தாழ 200 டன். வேலை செய்தவர்கள் தற்காலிக முகாமில் தங்கினார்கள். இடமாற்றம் திட்டமிட்டபடி முடிந்தது.

ஆனால் அதற்குள் இரண்டாவது விரிசல் வந்துவிட்டது. 2016 அக்டோபர் 31 அன்று, ஹாலோவீன் நாளில், நிலையத்துக்கு வடக்கே 17 கிலோமீட்டரில் அதைக் கண்டார்கள். பெயரும் ஹாலோவீன் விரிசல் என்றே ஆனது. பழையது எப்படி நகரும் என்று ஓரளவு புரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் பனித்தட்டு என்ன செய்யும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோடையில் ஆபத்து வந்தால் விமானத்தில் சில நாட்களில் எல்லோரையும் எடுத்துவிடலாம். ஜூலையில் முடியாது. 2014-ன் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், 16 பேரையும் திருப்பி அழைத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். பனித்தட்டு அந்த ஆண்டு உடையவில்லை என்பது முடிவைத் தவறாக்கிவிடாது.

ஆனால் விலை இருந்தது. 2017 வசந்தத்தில் ஓசோன் ஓட்டை வழக்கம்போல் திறந்தது, ஹாலியில் டாப்சன் முன்னால் நிற்க யாரும் இல்லை. 2018-லும் அப்படியே.

மண்வெட்டி வேண்டாத நிலையம்

இடைவெளி தொடரக் கூடாது என்று பொறியாளர்கள் இறங்கினார்கள். ஆள் இருக்கும்போது பெரிய டீசல் ஜெனரேட்டர் சரிப்படும், எண்ணெய் பார்க்க, வடிகட்டி மாற்ற, சத்தம் மாறினால் ஓடிப்போய்ப் பார்க்க ஆள் இருக்கிறார். ஒன்பது மாதம் யாரும் தொடாமல் ஓட வேறு இயந்திரம் வேண்டும். விமான எஞ்சினைச் சின்னதாக்கியது போன்ற ஒரு மைக்ரோ டர்பைனை, சூடு காக்கும் பெட்டகத்துக்குள் வைத்து, எரிபொருள் தொட்டிகளோடு இணைத்தார்கள். 2019 குளிர்காலத்தில் அது ஆளில்லாத நிலையத்தில் ஓடியது. டாப்சனையும் தானாகச் சூரியனை நோக்கித் திரும்பி அளவெடுக்கும்படி மாற்றினார்கள். எண்கள் செயற்கைக்கோள் வழியாக அன்றன்றே கேம்பிரிட்ஜுக்கு வருகின்றன.

இது பெரிய சாதனை. ஒரு கைக்கருவிக்கு, அதன் அறுபது ஆண்டுப் பழைய எண்களோடு ஒத்துப்போகும்படியே தானியங்கி உடல் கொடுப்பது எளிதில்லை. எண் மாறினால், மாறியது வானமா கருவியா என்று தெரிய வேண்டும். ஃபார்மன் கேட்ட அதே கேள்விதான். ஆனாலும் எல்லாவற்றையும் இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியவில்லை. குளிர்காலத்தில் கருவியின் மேல் பனி படிந்தால் துடைக்க ஆள் இல்லை, ஒரு கம்பி அறுந்தால் அடுத்த கோடைவரை அறுந்தபடியே இருக்கும். மேகத்தை அண்ணாந்து பார்த்து எழுதிய கண்ணும் இல்லை.

பனித்தட்டு என்னவாயிற்று? 2021 பிப்ரவரியில் வடக்குப் பக்கம் வேறொரு விரிசல் வழியே 1,270 சதுர கிலோமீட்டர் பனி உடைந்து மிதந்துபோனது. 2023 ஜனவரி 22 அன்று, பெரிய அலையேற்ற நாளில், அந்தப் பழைய பிளவு கடைசிவரை ஓடி முடித்தது. 1,550 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்குக்கும் மேலான பரப்பு, தனியே கழன்று கடலில் போனது. இடம் மாற்றாமல் விட்டிருந்தால் நிலையமும் அதன் மேல்தான் போயிருக்கும்.

அன்றைக்கு ஹாலியில் 21 பேர் இருந்தார்கள். குளிர்காலம் முழுக்க ஆளில்லாமல் ஓட வேண்டிய மின்சார அமைப்பையும் கருவிகளையும் பராமரிக்க வந்த கோடைக்குழு. பனி உடைந்த பிறகும் அந்த வேலையையே தொடர்ந்தார்கள். அவர்களைக் கூட்டிப் போக விமானம் பிப்ரவரி முதல் வாரத்தில்தான் வருவதாக இருந்தது.